'முன்னாடி ஒரு பல் கூட்டினா மைலேஜ் ஏறும்'... உண்மையா? பைக் செயின் ஸ்பிராக்கெட் மாற்றும் முன் இதைப் படிங்க!

"தம்பி, செயின் போயிடுச்சு. செட்டா மாத்திடலாம். அப்படியே முன்னாடி ஒரு பல்லு கூட வெச்சுக்கோங்க, மைலேஜ் நல்லா தூக்கும்." தமிழ்நாட்டில் எந்த ஊர் மெக்கானிக் கடை வாசலில் நின்றாலும் என்றாவது ஒருநாள் காதில் விழும் வசனம் இது. பக்கத்துக் கடையில் இதற்கு நேர்மாறாகவும் சொல்வார்கள். "பின்னாடி ரெண்டு பல்லு ஏத்துங்க ப்ரோ, பிக்-அப் பறக்கும்."

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியமான விஷயங்களான செயினின் தரம், அளவு, அதை மாட்டும் விதம், அதில் விடும் லூஸ் ஆகியவை இந்தப் பேச்சில் காணாமலேயே போய்விடுகின்றன. ஓடும் பைக்கில் செயின் அறுந்தால் அது வண்டியை நிறுத்துவதோடு முடிவதில்லை. முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் கேஸையே உடைக்கலாம். பின் வீலில் சிக்கினால் வீல் லாக் ஆகி, ஓட்டுபவரைத் தூக்கி எறியலாம்.

பல் கணக்கு என்பது என்ன?

பைக்கின் இடதுபக்கம் அல்லது வலதுபக்கம், இன்ஜின் ஓரமாக ஒரு மூடிக்குள் ஒளிந்திருப்பது முன் ஸ்பிராக்கெட். கியர்பாக்ஸில் இருந்து வரும் ஷாஃப்ட்டில் அது மாட்டப்பட்டிருக்கும். பின் வீலோடு சேர்ந்து சுற்றுவது பெரிய ஸ்பிராக்கெட். இரண்டையும் இணைப்பது செயின். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் வீல் ஒரு சுற்று சுற்றும். இந்த 3 என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இது பெரிதானால் வீலுக்குப் போகும் இழுவை கூடும், வேகம் குறையும். சிறிதானால் வேகம் கூடும், இழுவை குறையும். சைக்கிளில் கியர் போட்டு ஓட்டியவர்களுக்கு இது கால்களிலேயே தெரியும். பெரிய பின் சக்கரப் பல்லில் மேடு ஏறுவது சுலபம், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது.

இப்போது முன்னால் 14-க்குப் பதில் 15 பல் போட்டால் என்ன ஆகும்? 42-ஐ 15-ஆல் வகுத்தால் 2.8. அதே கியரில், அதே 5,000 ஆர்பிஎம்மில் முன்பு 60 கி.மீ வேகத்தில் போன வண்டி இப்போது சுமார் 64 கி.மீ வேகத்தில் போகும். வேறு மாதிரி சொன்னால், அதே 60-இல் போக இன்ஜின் சுமார் 4,670 ஆர்பிஎம் சுற்றினால் போதும். இன்ஜின் அமைதியாக ஓடும், அதிர்வு குறையும். "மைலேஜ் தூக்கும்" என்ற நம்பிக்கை பிறப்பது இங்கேதான்.

ஆனால் அதே மாற்றத்தால் பின் வீலுக்குக் கிடைக்கும் இழுவை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஏழு சதவீதம்தானே என்று நினைக்கலாம். 97.2 சிசி இன்ஜினும் சுமார் 8 குதிரைசக்தியும் கொண்ட ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் கையிருப்பு சக்தி என்று பெரிதாக எதுவும் கிடையாது. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் ஏறிப் பார்த்தால் அந்த 7 சதவீதம் எங்கே போனது என்று தெரியும். மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் இரண்டுக்கு வர வேண்டியிருக்கும். இரண்டில் ஏறியதற்கு முதல் கியர்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் வண்டியில், முதல் கியர் 'நீளமாக' ஆகிவிட்டால் கிளட்ச்சை அதிக நேரம் பாதி பிடித்தபடி நகர வேண்டும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். டாப் கியரில் வண்டி திணறும்போது ஆக்ஸிலரேட்டரை கூடுதலாகத் திருகுவோம். மிச்சம் ஆக வேண்டிய பெட்ரோல் அங்கே போய்விடும். ஆக, சமதளமான நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுபவருக்குக் கொஞ்சம் மைலேஜ் கூடலாம். அண்ணா சாலை டிராஃபிக்கில் ஊர்பவருக்குக் கூடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குறையவும் செய்யலாம்.

ராயல் என்ஃபீல்டு ஓட்டுபவர்கள் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டி திருப்தியாக ஓட்டுவதைப் பார்த்திருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதைய கிளாசிக் 350-இன் 349 சிசி இன்ஜின் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை தரக்கூடியது, 27 நியூட்டன் மீட்டர் டார்க். 100 சிசி வண்டியில் கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே அங்கே ஒரு பல் கூட்டினால் வண்டி தாங்கும். அவர் செய்ததைப் பார்த்து பக்கத்து வீட்டு 100 சிசி செய்தால் வேலைக்கு ஆகாது.

மறுபக்கம், பிக்-அப் வேண்டும் என்று முன்னால் ஒரு பல் குறைத்தால்? 42-ஐ 13-ஆல் வகுத்தால் 3.23. இழுவை 7.7 சதவீதம் கூடும். வண்டி சீறும், மலையேற்றத்தில் சுகமாக இருக்கும். ஆனால் ஹைவேயில் 60-இல் போவதற்கே இன்ஜின் 5,385 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். சத்தம், அதிர்வு, சூடு, பெட்ரோல் எல்லாமே கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய ஸ்பிராக்கெட்டைச் சுற்றி வரும்போது செயினின் ஒவ்வொரு லிங்க்கும் அதிகமாக மடங்க வேண்டியிருக்கிறது. மடங்க மடங்கத் தேய்மானம்.

கணக்கில் இன்னொன்றையும் மனதில் வைக்கலாம். இந்த 14-42 செட்டில் முன்னால் ஒரு பல் மாற்றுவது, பின்னால் கிட்டத்தட்ட மூன்று பல் மாற்றுவதற்குச் சமம். எனவே லேசாக மாற்றிப் பார்க்க விரும்புபவர்கள் பின் ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டுவதோ குறைப்பதோ நல்லது. முன்னால் கை வைத்தால் மாற்றம் பெரிதாக இருக்கும். அதோடு, பெரிய முன் ஸ்பிராக்கெட் போட்டால் செயின் இன்ஜின் கேஸில் உரசாமல் இருக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மீட்டர் பொய் சொல்லும்!

ஸ்பிராக்கெட் மாற்றும்போது பலருக்கும் தெரியாத ஆபத்து இது. சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கான கேபிளோ சென்சாரோ முன் வீலில் இருக்கும். அவற்றில் எத்தனை பல் மாற்றினாலும் மீட்டர் சரியாகவே காட்டும். ஆனால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுற்றுவதை வைத்து வேகத்தைக் கணக்கிடும் வண்டிகளும் உண்டு. அந்த வண்டிக்கு நீங்கள் பல் மாற்றியது தெரியாது. பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும்.

14-ஐ 15 ஆக்கினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஓடுவது 64-இல். கேமரா அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும். பிரேக் பிடிக்கும் தூரத்தை ஓட்டுபவர் மனதில் கணக்குப் போடுவது மீட்டரைப் பார்த்துப் பழகிய வேகத்தை வைத்துத்தான். ஓடிய கி.மீ கணக்கும் குறைவாகப் பதிவாகும். கொஞ்சம் வேடிக்கையான விஷயம் என்னவென்றால், இப்படிப்பட்ட வண்டியில் உண்மையிலேயே மைலேஜ் கூடியிருந்தாலும் மீட்டர் அதைக் குறைத்தே காட்டும். முன்னால் பல் குறைத்தவருக்கோ தலைகீழ். மீட்டரில் மைலேஜ் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருப்பார்.

செயின் உண்மையில் நீளுதா?

"செயின் நீண்டுடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் ரப்பர் மாதிரி இரும்பு இழுபட்டு நீண்டதாக நினைக்க வேண்டாம். பைக் செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின்னும், அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும், அதற்கு வெளியே உருளும் ஒரு ரோலரும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் கொண்டுவந்த வடிவமைப்பு இது. அடிப்படை இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

மண், தண்ணீர், எண்ணெய் இல்லாத உரசல் எல்லாம் சேர்ந்து பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கின்றன. ஒரு மூட்டில் தேய்வது வெறும் 0.1 மி.மீ என்று வையுங்கள். 120 லிங்க் உள்ள செயினில் அது மொத்தம் 12 மி.மீ. ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் செயின் 'நீண்டுவிட்டது'. லூஸாகத் தொங்குகிறது.

இங்கேதான் ஒரு பழக்கமான ஜுகாட் வருகிறது. அட்ஜஸ்ட்மென்ட் முடிந்துபோனதும் "ஒரு லிங்க் எடுத்துட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பார்கள். எடுப்பது உண்மையில் ஒரு ஜோடி, உள் லிங்க் ஒன்றும் வெளி லிங்க் ஒன்றும். செயின் ஒரு அங்குலம் குறையும். தொங்கல் போய்விடும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் மிச்சமிருக்கும் அத்தனை மூட்டுகளும் தேய்ந்தவைதான். ஒவ்வொரு லிங்க்குக்கும் நடுவே உள்ள தூரம் ஸ்பிராக்கெட் பல்லின் தூரத்தோடு பொருந்தாது. செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல்லை ஒரு பக்கமாக அரித்து சுறாமீன் துடுப்பு போல வளைத்துவிடும். ஒருநாள் வேகத்தில் நழுவும், அல்லது அறுந்துபோகும். லிங்க் எடுத்து ஓட்டுவதைப் போல ஆபத்தான சிக்கனம் வேறு இல்லை.

"செயின் மட்டும் மாத்துங்க, ஸ்பிராக்கெட் நல்லாத்தான் இருக்கு" என்பதும் இதே ரகம். வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால், பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் கொன்றுவிடும். முன் ஸ்பிராக்கெட் விஷயத்தில் இது இன்னும் மோசம். 14 பல்லும் 42 பல்லும் இருக்கும் செட்டில், முன்னால் உள்ள ஒவ்வொரு பல்லும் பின்னால் உள்ளதைவிட மூன்று மடங்கு அதிகமாகச் செயினைச் சந்திக்கிறது. முதலில் தேய்வது அதுதான். மூடிக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைக்காரர் "கிட்" என்று மூன்றையும் சேர்த்து விற்பது காசு பிடுங்க அல்ல. இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில், கடிகாரத்தில் மூன்று மணி முள் நிற்கும் இடத்தில் செயினைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமா? ஒரு ஸ்கேல் போதும். 428 அளவுச் செயினில் ஒரு பின்னின் நடுவில் இருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு 12.7 மி.மீ. எனவே செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு முதல் பின்னில் இருந்து 21-வது பின் வரை அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ இருக்கும். 256.5-ஐத் தாண்டினால் ஒரு சதவீதத் தேய்மானம், புது செட்டுக்குப் பணம் எடுத்து வைக்கலாம். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம். அதற்கு மேல் யோசிக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கான சரியான எல்லை ஓனர் மேனுவலில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தங்க நிறம் என்றால் ஓ-ரிங்கா?

செயின் ஸ்பிராக்கெட்டில் 'அப்கிரேட்' என்று உண்மையாகச் சொல்லத் தகுந்தது, பல் எண்ணிக்கையை மாற்றுவதைவிட நல்ல செயினுக்கு மாறுவதுதான். ஆனால் கடையில் இதில்தான் குழப்பம் அதிகம்.

'பிராஸ் செயின்' என்று தங்க நிறத்தில் பளபளக்கும் செயினைக் காட்டுவார்கள். அந்த நிறம் துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொடுத்த பூச்சு. செயின் முழுக்கப் பித்தளையால் ஆனதல்ல, உள்ளே எஃகுதான். பூச்சு நல்லதுதான், ஆனால் பின்னும் புஷ்ஷும் தேய்வதை அது தடுக்காது.

தேய்மானத்தைத் தடுப்பது ஓ-ரிங். ஒவ்வொரு மூட்டிலும் உள் பிளேட்டுக்கும் வெளி பிளேட்டுக்கும் நடுவே குட்டி ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். தொழிற்சாலையிலேயே உள்ளே கிரீஸ் வைத்து இந்த வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் வெளியே வராது, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாது. பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் பிளேட்டுகளுக்கு நடுவே கறுப்பு விளிம்பு தெரியும். தெரியவில்லை என்றால் எவ்வளவு தங்கமாக மின்னினாலும் அது சாதாரணச் செயின்தான். வளையத்தின் வெட்டுத்தோற்றம் எக்ஸ் வடிவில் இருந்தால் எக்ஸ்-ரிங். அதில் உரசல் இன்னும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் ஓ-ரிங்குக்கு மாறிவிடலாமா? வேண்டியதில்லை. செயின் முழுவதையும் மூடும் கேஸ் உள்ள 100 சிசி வண்டிகளில் மண்ணும் மழையும் பெரும்பாலும் வெளியேயே நின்றுவிடும். அங்கே சாதாரணச் செயினுக்கு ஒழுங்காக எண்ணெய் விட்டாலே போதும். மேலும் ஓ-ரிங் செயின் சற்று அகலம். கேஸில் உரசலாம், சின்ன இன்ஜினுக்கு ரப்பரின் உரசலும் ஒரு சுமை. செயின் திறந்தபடி ஓடும் 150 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள், தினமும் வெளியூர் ஓடுபவர்கள், மழையிலும் புழுதியிலும் நிறுத்த முடியாத வேலையில் இருப்பவர்கள், இவர்களுக்கு ஓ-ரிங் கொடுக்கும் காசுக்கு உழைக்கும்.

டெலிவரி வேலை செய்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 120 கி.மீ, மாதம் 25 நாள் என்றால் 3,000 கி.மீ. சாதாரணச் செயின் செட் ஒன்று நல்ல பராமரிப்பில் 20,000 கி.மீ சுற்றுவட்டாரத்தில் உழைத்தாலும், ஏழு மாதத்துக்கு ஒருமுறை அவர் செட் மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் விடாமல் ஓட்டினால் அதில் பாதியிலேயே போய்விடும். செயின் மாற்றும் அரை நாள் அவருக்கு வருமானமும் கிடையாது. சொந்தமாகக் காரில் போகிறவர் வாரம் ஒருமுறை எடுக்கும் பைக்கைவிட, இவருடைய 125 சிசி வண்டிக்குத்தான் நல்ல செயின் தேவை.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் அளவு. 428, 520 என்று செயின் பிளேட்டிலேயே அச்சிட்டிருக்கும். முதல் எண் இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்றால் 15.875 மி.மீ. அடுத்த இரண்டு எண்கள் அகலத்துக்கு. நம்மூர் கம்யூட்டர் வண்டிகள் பெரும்பாலும் 428. கேடிஎம் டியூக் 390 போன்ற பெரிய வண்டிகளில் 520. ஒன்றின் செயின் மற்றதன் ஸ்பிராக்கெட்டில் உட்காராது.

அடுத்து லிங்க் எண்ணிக்கை. பின்னால் பெரிய ஸ்பிராக்கெட் போட்டால் பழைய நீளம் எட்டாமல் போகலாம். கிட் வாங்கும் முன்பே வண்டி மாடல், ஆண்டு, பல் எண்ணிக்கை மூன்றையும் சொல்லி வாங்குவது நல்லது.

பிராண்ட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். இந்திய பைக் செயின் சந்தையின் இரண்டு பெரிய பெயர்களும் இங்கிருந்துதான். 'ரோலான்' கோவையின் எல்.ஜி.பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் நிறுவனத்துடையது. 1937-இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய நிறுவனம் அது. 'டைமண்ட்' முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் தயாரிப்பு, சென்னை அம்பத்தூரில் இருந்து வருவது. பெயர் பெரிதாக இருப்பதால் போலிகளும் உண்டு. பிளேட்டில் பெயரும் அளவும் தெளிவாக அச்சாகி இருக்கிறதா, பில் தருகிறார்களா என்று பாருங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் சரி, ஊரில் உள்ள ஒரே கடையில் வாங்கினாலும் சரி, பில் இல்லாத செயினுக்கு யாரும் பொறுப்பில்லை.

கம்யூட்டர் வண்டிக்கான கிட் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் தொடங்கும். ஓ-ரிங் கிட் வண்டியைப் பொறுத்துப் பல ஆயிரங்கள் வரை போகும். வாரண்டி காலத்தில் உள்ள வண்டியில் பல் எண்ணிக்கையை மாற்றினால், பிறகு இன்ஜினிலோ கியர்பாக்ஸிலோ கோளாறு வரும்போது நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடலாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

செயினின் இரு முனையையும் இணைக்கும் லாக்கில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேலே ஓடும் செயினில் வைத்துப் பார்த்தால், மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கல்லோ குச்சியோ தட்டியே கிளிப் கழன்றுவிடும். ஓ-ரிங் செயின்கள் பலவற்றில் கிளிப்புக்குப் பதில் ரிவெட் அடிக்கும் லாக் வரும். அதற்குத் தனி டூல் தேவை. சுத்தியலால் தட்டி ஒப்பேற்றுபவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது லூஸ். "நல்லா டைட்டா வெச்சுடுங்கண்ணே" என்று கேட்பவர்கள்தான் அதிகம். உண்மையில் லூஸ் செயினைவிட டைட் செயின் அதிகச் சேதம் செய்யும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின் சஸ்பென்ஷன் அமுங்குகிறது. அப்போது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. செயினில் அதற்கான தொங்கல் இல்லை என்றால், அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங் மேலும் வீல் பேரிங் மேலும் விழும். ஆயிரம் ரூபாய் செயினுக்காக இன்ஜினைப் பிரிக்கும் நிலை வரும். இரண்டு பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் விழும்போது இதுவே இன்னும் மோசம்.

கம்யூட்டர் வண்டிகளில் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் பொதுவாக 20 முதல் 30 மி.மீ ஆட வேண்டும். வண்டிக்கு வண்டி இது மாறும். ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ சரியான அளவு இருக்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடக் கூடாது, வீலை மெதுவாகச் சுற்றி மிகவும் டைட்டாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

வீலைக் கழற்றியிருக்கும் அந்த நேரத்திலேயே கப்ளிங் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திருகும்போது "டக்" என்று சத்தம் வருவது பல நேரம் செயினால் அல்ல, இந்த ரப்பர் நைந்துபோனதால். முன் ஸ்பிராக்கெட் மூடியைத் திறந்திருப்பதால் அங்கே ஆயில் சீல் கசிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

"ஸ்டைலா இருக்கும்" என்று செயின் கவரையும் சேலை கார்டையும் கழற்றி ஓரம் வைப்பது இன்னொரு பழக்கம். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்க, பின் வீலில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-வது விதியே சொல்கிறது. துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் வீலிலும் செயினிலும் சிக்கி நேரும் விபத்துகள் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றன. கழற்றியதை மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எண்ணெய் விடும்போது விரல் பத்திரம்

500 கி.மீ-க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே, செயினைத் துடைத்து எண்ணெய் விடலாம். செயின் ஸ்பிரே இல்லாவிட்டால் 90 நம்பர் கியர் ஆயில் போதும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் துகள்களும் கரியும் இருக்கும். ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் தின்னரும் படவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும். கம்பி பிரஷும் கூடாது. ஓ-ரிங் உள்ளே கிரீஸ் இருக்கிறதே, வெளியே எதற்கு எண்ணெய் என்று கேட்கலாம். ரோலரும் பல்லும் உரசும் இடம் வெளியேதான் இருக்கிறது, ரப்பரும் காயக் கூடாது. வண்டி ஓட்டி முடித்து, செயின் லேசாகச் சூடாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் நன்றாக இறங்கும். இரவே விட்டு வைத்தால் காலையில் தெறிக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. மெயின் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பதைப் பல வீட்டு வாசல்களில் பார்க்கலாம். துணியின் ஒரு நூல் சிக்கினாலும் போதும், கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போன விரல் முழுதாகத் திரும்பாது. இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், சாவி பாக்கெட்டில், வீலைக் கையால் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

புது செட் மாட்டிய முதல் 500 கி.மீ-க்குள் செயின் கொஞ்சம் லூஸ் ஆகும். அது கோளாறு கிடையாது, மூட்டுகள் ஒன்றோடொன்று உட்காருவதால் வருவது. அப்போது ஒருமுறை கடைக்குப் போய் லூஸ் சரிசெய்து, ஆக்சில் நட்டும் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளும் டைட்டாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப் வகைச் செயின் என்றால் அதே அளவில் இன்னொரு லாக்கை வாங்கி டூல் கிட்டில் போட்டு வையுங்கள். விலை சில பத்து ரூபாய்தான். இரவு பதினோரு மணிக்கு திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் கிளிப் கழன்றால், திறந்திருக்கும் கடையைத் தேட வேண்டியிருக்காது.